மேலே போன குழாய்க்காரர்

ஆஜரக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் என்றால், தொடர் எழுதுகிற அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கும். காலை பத்து மணி ஆனால் போதும், காப்பிக் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு நோட்டோடு பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

“வீட்டுக்காரம்மா?”

“ஆஜர். கீழ் வீட்ல மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கிட்டிருக்காங்க. அது தலைமேலயே இருக்கு.”

“பல் டாக்டர்?”

“ஆஜர். ரெண்டாவது மாடிப் படியில நின்னு, உள்ள பொண்டாட்டி போன்ல யார்கூட இப்படிச் சிரிக்கிறான்னு காது கொடுத்துக் கேட்டுக்கிட்டிருக்காரு.”

“கேக்கட்டும், கேக்கட்டும். ரெட்டைப் பிள்ளைங்கள்ல பெரியவ?”

இப்படிப் பதினோரு பேர். இவர்களில் யாருக்கும் நிஜத்தில் கைகால் கிடையாது. ‘படிக்கட்டு வீடு’ என்ற இணையத் தொடரின் பாத்திரங்கள். மூன்று மாடி, ஒரே படிக்கட்டு, ஏறி இறங்கும் மனிதர்கள், அவ்வளவுதான் கதை. கதாநாயகன் என்று தனியாக ஒருவன் இல்லை. எல்லாரும் கொஞ்சம் கதாநாயகர்கள், எல்லாரும் கொஞ்சம் கோமாளிகள். எழுதுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்திருந்தாள் அக்கா. பெயரைக் கூப்பிட்டதும் பொறுப்பானவர் ‘ஆஜர்’ சொல்ல வேண்டும். அந்தப் பாத்திரம் இந்த நிமிஷம் எங்கே நிற்கிறது, கை என்ன செய்கிறது என்றும் சொல்ல வேண்டும். திருதிருவென்று முழித்தால் அன்றைக்குத் தொலைந்தார்கள்.

“மூணு பேர் பேசுற காட்சின்னா மீதி எட்டுப் பேர் காத்துல கரைஞ்சா போயிட்டாங்க? எங்கயோ ஒருத்தர் பல்லு தேய்ப்பாரு, ஒருத்தி யாரையாவது திட்டிக்கிட்டிருப்பா. அது உங்களுக்குத் தெரியலைன்னா இந்த மூணு பேர் பேசுறதும் சும்மா வாயசைக்கிறதுதான்” என்பாள். கூட்டத்தை வைத்துக் கதை சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று துறையில் ஒரு பேச்சு உண்டு. அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அந்தத் தலைக்கனம் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாத்தனார் வீட்டில்.

நாத்தனார் மருந்துக்கடை வைத்திருப்பவள். அப்போது அவள் வீட்டுக் குளியலறையை இடித்துப் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலைக்காரர்கள் வருகிறேன் வருகிறேன் என்பார்கள், வர மாட்டார்கள். அதனால் வீடு பழுது பார்க்கிற நிகழ்ச்சி ஒன்று விடாமல் டிவியில் பார்த்து வைத்திருந்தாள். “நமக்கும் நாலு விஷயம் தெரிஞ்சா நம்ம காதுல பூ சுத்த முடியாதுல்ல அண்ணி?” என்பது அவள் கட்சி. அன்றைக்கு அண்ணியும் நாத்தனாருமாகச் சோபாவில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே டிவியில் ‘உங்களுக்காக’ என்ற வரிசை ஓடிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு படம் வந்து நின்றது. நரைத்த தாடி வைத்த ஒரு மனிதர், கித்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்க்கிறார். நல்ல முகம். கூப்பிட்டால் வந்துவிடுவார் போன்ற முகம்.

“இது யாரு?” என்று கேட்டாள் அக்கா.

நாத்தனார் கையில் இருந்த தலையணை உறையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். “என்ன அண்ணி, பெத்த பிள்ளையையே யாருன்னு கேக்குறீங்க? உங்க தொடர்தான்! குழாய்க்காரர்!”

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கீழே ‘படிக்கட்டு வீடு’ என்றுதான் எழுதியிருந்தது. அவள் வீட்டு டிவியில் இதே தொடருக்கு ஜன்னலோரம் அழும் ஒரு பெண்ணின் படம்தான் வரும். ஏனென்றால் அங்கே ரிமோட் அவள் வீட்டுக்காரர் கையில். மனுஷர் பார்ப்பது பூராவும் காதல் கதை, வெளியே சொன்னால் கோபம் வந்துவிடும்.

“இந்த மூஞ்சியைப் பாத்துதான் நான் உள்ளேயே போனேன்” என்றாள் நாத்தனார். “நீங்க எழுதினதுன்னு அப்புறம்தான் பேரைப் பாத்தேன், கோவிச்சுக்காதீங்க. ஆமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். மூணாவது பாகத்துல வீட்டுக்காரம்மா ‘மேல குழாய் சொட்டுது, பாத்துட்டு வந்துடுங்க’ன்னு அனுப்புறாங்கல்ல? இவரும் பையைத் தூக்கிக்கிட்டு மேல போறாரு. பத்தாவது பாகம் வரைக்கும் கண்கொட்டாம பாத்தேன். மனுஷன் கீழயே வரலையே? அடுத்த சீசன்லயாவது வருவாரா?”

“அவர் செத்துட்டாரேம்மா” என்றாள் அக்கா.

“எப்போ?”

“நடுவுல ஒரு பாகத்துல…”

“எந்தப் பாகத்துல? நான் தண்ணி குடிக்கக்கூட எந்திரிச்சுப் போகலையே அண்ணி!”

அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எந்தப் பாகம்? எப்படிச் செத்தார்? யார் அழுதார்கள்? பதினோரு பேருடைய கை எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவளுக்கு இது மட்டும் தெரியவில்லை.

“நல்ல வீடு போங்க” என்றாள் நாத்தனார், அடுத்த உறையை எடுத்து மடித்தபடி. “வேலைக்கு வந்த மனுஷனை மேல அனுப்பிட்டு, ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்க ஒருத்தர்கூட இல்ல. எங்க வீட்டுக்கு எவனும் வர மாட்டேங்கிறான், நீங்க வந்தவரையே விட்டுட்டீங்க.”

மறுநாள் காலை அறைக்குள் நுழைந்ததும் அக்கா பேர் கூப்பிடவில்லை. நேராக அலமாரிக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். மூடியில் ‘காலமானவர்கள்’ என்று எழுதியிருக்கும். கதையில் செத்துப்போன பாத்திரங்களின் அட்டைகள் அதில் இருக்கும். செத்தவர்களை அவள் பேர் கூப்பிடுவதில்லை, அது ஒரு மரியாதை. திறந்தால் இரண்டு அட்டைகள். ஒன்று பாட்டு வாத்தியார். அவர் ஐந்தாம் பாகத்தில் ஊரே அழ அழச் செத்தார், அதில் சந்தேகம் இல்லை. இன்னொன்று குழாய்க்காரர். அட்டையின் பின்பக்கம் ஒரே ஒரு வரி: ‘குழாய்க்காரர் மேலே போய்விட்டார்.’

“இது யார் கையெழுத்து?”

“அவசரத்தோடது அக்கா” என்றான் பூனை. சத்தமில்லாமல் நடப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவசரம் என்பது முன்பு அங்கே எழுதிக்கொண்டிருந்த பெண். பத்து வார்த்தை வேண்டிய இடத்தில் மூன்று வார்த்தையோடு ஓடிவிடுவாள். பாதியில் வேறு தொடருக்குப் போனபோது, அவளுடைய பாத்திரங்கள் பூனைக்கு வந்தன.

“நீ இதைப் படிச்சுட்டு என்ன பண்ணின?”

பூனையின் முகம் சுருங்கிப் போனது. “டப்பால போட்டேன் அக்கா. அன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. நீங்க பேர் கூப்பிட்டீங்க. நான் எந்திரிச்சு ‘மேல போயிட்டாருக்கா’ன்னு சொன்னேன்.”

அக்கா பழைய நோட்டைத் தேடி எடுத்தாள். அந்த நாளின் பக்கம் கிடைத்தது. குழாய்க்காரர் என்ற பெயருக்கு மேல் ஒரு கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே ‘பாவம்’ என்று வேறு எழுதியிருந்தது. அந்த வாரம் அறை முழுக்கப் பாட்டு வாத்தியாரின் சாவைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு சாவோடு இன்னொரு சாவு என்று நினைத்து, எப்படி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அடித்துவிட்டிருக்கிறாள்.

போன் ஸ்பீக்கரில் அவசரத்தைப் பிடித்தார்கள். கேட்டதும் அவள் போட்ட கூச்சல் அடுத்த அறைக்கே கேட்டிருக்கும். “ஐயோ அக்கா! மேல போயிட்டார்னா மேல போயிட்டார்தான்! மூணாவது மாடிக்கு! பையைத் தூக்கிக்கிட்டு! அவரை எதுக்கு நான் சாகடிக்கப் போறேன்? நாலாவது பாகத்துல இறக்கி, ஏழாவது பாகத்துல பல் டாக்டர் வீட்ல சண்டையை விலக்க வச்சு… எல்லாம் மனசுலயே வச்சிருந்தேனே!”

அறையே வெடித்துச் சிரித்தது. பூனைகூட கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஒரு மனுஷனை மாடிக்கு அனுப்பினால் எல்லாருமாகச் சேர்ந்து மேலுலகத்துக்கே அனுப்பிவிட்டார்களே! அக்காவும் சிரிக்கத்தான் செய்தாள், தயாரிப்பு மேலாளருக்குப் போன் போடும் வரைக்கும்.

“அவரா?” என்றார் மேலாளர். “நல்ல மனுஷனாச்சே. நாலாவது பாகத்துலேர்ந்து உங்க பட்டியல்ல பேர் வரல, அதனால கூப்பிடல.”

“முடிஞ்சிடுச்சுன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?”

“முடிஞ்சிடுச்சுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையேம்மா. கடைசியா வந்த அன்னிக்கு, தாடியில கை வைக்காதீங்க, நாங்க கூப்பிடுறோம்னு சொல்லி அனுப்பினோம். அதுக்கப்புறம் பேச்சே இல்ல.”

“அது எப்போ?”

மேலாளர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஒரு வருஷம் இரண்டு மாதம் என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. எழுதின ஆளை மறந்தால் திருத்திக்கொள்ளலாம். அந்த ஆளுக்குள்ளே ஒரு நிஜ மனுஷன் இருக்கிறான், அவனிடம் காத்திரு என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்பதை எப்படித் திருத்துவது?

அன்று மத்தியானமே, தொடரை வெளியிடுகிற இணையத் தளத்துக்காரர்களோடு கூட்டம். அந்தத் தளத்தின் அதிகாரியை அறையில் ‘கோடு’ என்பார்கள். எதைப் பேசினாலும் ஏறி இறங்குகிற கோடு போட்ட வரைபடம் ஒன்றைத் திரையில் போட்டுத்தான் பேசுவான். கெட்டவன் இல்லை, கோட்டை நம்புகிறவன். இரண்டாவது சீசனில் பதினோரு பேரை எட்டாகக் குறைத்தே ஆக வேண்டும், கூட்டம் ஜாஸ்தி என்பது அவன் கோரிக்கை.

“பன்னெண்டாக்கணும்” என்றாள் அக்கா.

“மேடம், நான் குறைக்கச் சொல்றேன்.”

“தெரியும் தம்பி. அந்தக் குழாய்க்காரர் படத்தைப் போட்டீங்களே, அதைப் பாத்து உள்ள வந்தவங்க என்ன பண்ணினாங்கன்னு ஒரு கோடு இருக்கும்ல? அதைக் கொஞ்சம் காட்டுங்க.”

அவன் தேடினான். அவர்கள் தளத்தில் ஒரே தொடருக்குப் பன்னிரண்டு படங்கள் உண்டு. பார்க்கிறவர் எதை விரும்பிப் பார்ப்பவர் என்று கவனித்து, மெஷின் அதில் ஒன்றை எடுத்துப் போடும். காதல் பிடித்தவருக்கு அழும் பெண், சண்டை பிடித்தவருக்குப் பல் டாக்டர், வீடு பழுது பார்க்கிற நிகழ்ச்சி பார்ப்பவருக்கு இவர். கோடு திரையில் எழுந்தது. அவனே முன்னால் குனிந்து பார்த்தான்.

“விசித்திரமா இருக்கே” என்றான். “இவரைப் பாத்து வந்தவங்க யாருமே பாதியில இறங்கல. கடைசி வரைக்கும் பாக்குறாங்க. முடிச்சிட்டு மறுபடியும் மூணாவது பாகத்துக்கே போறாங்க. ஏன்னு தெரியல.”

“தேடுறாங்க தம்பி. ஆளைக் காணோம்னு தேடுறாங்க.”

விஷயத்தைச் சொன்னாள். ஒளிக்காமல், மறைக்காமல், தன் கையால் அடித்த கோடு வரை சொன்னாள். அவன் திரையில் இருந்த கோட்டை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. “மேடம், இது பிரமாதம்! பன்னெண்டே இருக்கட்டும். ‘மேலே என்ன நடக்கிறது?’ன்னு விளம்பரம் பண்ணிடலாம். ஆரம்பத்துலேர்ந்தே போட்ட திட்டம்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுவோம். அந்த நடிகர்கிட்டயும் அப்படியே சொல்லிடுங்க. அவருக்கும் பெருமை, நமக்கும் பெருமை.”

யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த நடிகரைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “இது முதல்லேர்ந்தே போட்ட திட்டம் ஐயா.” நன்றாகத்தான் வந்தது. அவள் எழுதிய வசனங்களில் இதைவிட மோசமானவை உண்டு.

ஒரு பெரிய அலுவலகத்தின் பக்கவாட்டுத் தெருவில், நகல் எடுத்து லேமினேஷன் செய்து கொடுக்கிற அவருடைய சின்னக் கடை. நகல் இயந்திரத்தின் பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். உள்ளே, மேஜையில் காகிதக் கட்டுக்குப் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தார் அவர். தாடி நெஞ்சு வரை வளர்ந்திருந்தது. படியில் திரும்பிப் பார்த்த அதே முகம், இப்போது நிமிர்ந்து இவளைப் பார்த்தது. முதல் நாள் வசனம் படிக்கிற கூட்டத்தில் அக்காவை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டார்.

“கூப்பிட வந்துட்டீங்களா?”

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்னாலேயே திட்டத்தையும் சொன்னால் முடிந்தது. அவர் வாழ்நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பார். அக்கா வாயைத் திறந்தாள்.

“மறந்துட்டோம் ஐயா” என்றாள். “உங்களை மேல அனுப்பிட்டு மறந்துட்டோம். வேற யாரும் இல்ல, நான்தான் மறந்தேன்.”

அவர் உட்கார்ந்தார். நகல் இயந்திரத்தில் யாருடைய சான்றிதழோ ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு மனைவி இந்தப் பக்கம் திரும்பினார்.

“அதைத்தான் நானும் சொன்னேன்” என்றார் அந்த அம்மா, கோபமும் அழுகையுமாக. “போன் பண்ணி ஒரு வார்த்தை கேளுங்கன்னு சொல்லாத நாளில்ல. ‘வேலையா இருப்பாங்க, தொந்தரவு பண்ணக் கூடாது’ம்பாரு. பேத்தி கிட்ட வர மாட்டேங்கிறா, தாடி குத்துதாம். இவரு எடுக்க மாட்டாராம். எடுத்துட்டா அவங்க கூப்பிடும்போது என்ன பண்றதுன்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு. இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ணுவேன்?”

“நீ கொஞ்சம் இரு” என்றார் அவர். பிறகு அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “மறந்தது என்னையா, அவனையா?”

குழாய்க்காரரைத்தான் ‘அவன்’ என்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது. “அவரை” என்றாள். “அவரை மறந்ததாலதான் உங்களையும்…”

“என்னை மறந்தா பரவாயில்ல. சொந்தக்காரங்க கல்யாண போட்டோவுலயே நான் பாதித் தோள்தான் தெரிவேன். நாப்பது வருஷ நாடகத்துல முக்காவாசி காவலாளி வேஷம். ஆனா அவனை எப்படிம்மா மறந்தீங்க? அவனுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?”

ஒரு வருஷமாகத் தினமும் பதினோரு பேரின் நலம் விசாரித்தவள் அக்கா.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று தாள்களை எடுத்தார். அவருடைய வசனத் தாள்கள். லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். “மேல போனதும் குழாயைச் சரி பண்ணிட்டேன்” என்றார். “அஞ்சு நிமிஷ வேலை, வாஷர்தான் போயிருந்துச்சு. அப்புறம் பாத்தா அந்த வீட்டுக் கதவு சாத்தும்போது கிறீச்சுங்குது. கீலுக்கு எண்ணெய் போட்டேன். ஜன்னல் கொக்கி ஆடிச்சு, முடுக்கினேன். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினேன். நீங்க கூப்பிடுற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது ‘அவன்’ என்று வரவில்லை, ‘நான்’ என்றுதான் வந்தது. அடுத்த சீசனுக்கு நீங்க வரணும் ஐயா என்றாள் அக்கா. மன்னிச்சுடுங்க என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வரேன். ஒண்ணே ஒண்ணு. தூங்கிட்டான், பின்பக்கமா போயிட்டான்னு ஏதாவது சாக்குச் சொல்லி அவனைக் கீழ இறக்காதீங்க. மறந்துட்டோம்னா மறந்துட்டோம்னே சொல்லுங்க. அதுல யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சிடாது.”

அறைக்குத் திரும்பி வந்து பார்த்தால், பலகை முழுக்கச் சாக்குகளாக எழுதி வைத்திருந்தார்கள். மயங்கி விழுந்துவிட்டார் என்று ஒன்று. மேலே யாரோ அடைத்து வைத்துவிட்டார்கள் என்று ஒன்று. அதில் மூன்று நிஜமாகவே நல்ல சாக்கு. அக்கா எல்லாவற்றையும் துடைத்தாள். காட்சியைத் தானே எழுதினாள். குழாய்க்காரர் படியில் இறங்கி வருகிறார். கீழே வீட்டுக்காரம்மா கோலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறார். “உங்களை மேல அனுப்பிட்டு அப்படியே மறந்துட்டேங்க. மன்னிச்சுடுங்க” என்கிறார். அவ்வளவுதான்.

அவர் பதிலாக ‘பரவாயில்லம்மா’ என்று எழுதியிருந்தாள். வசனம் படிக்கிற கூட்டத்தில் அந்த இடம் வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

“சொல்ல வரலம்மா” என்றார். “பரவாயில்லாம இல்லையே.”

“வேற என்ன சொல்லுவாரு?”

“தெரியல. படியில இறங்கிப் பாத்தாத்தான் தெரியும்.”

இருபத்தேழு வருஷமாக எழுதுகிற அக்கா, ஒரு காற்புள்ளியைக்கூட நடிகர்கள் மாற்ற விடாதவள், பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். தாளில் ‘குழாய்க்காரர்’ என்ற பெயரும் அதற்குப் பக்கத்தில் வெறும் இடமும் மட்டும் இருந்தது. கோட்டுக்கு அதை அனுப்பியபோது அவன் போன் செய்தான். அச்சுப் பிழையா என்று கேட்டான். இல்லை தம்பி, நம்புங்கள் என்றாள். விளம்பரத்தை மாற்றச் சொன்னாள். ‘மன்னிக்கவும், ஒருவரை மறந்துவிட்டோம்’ என்று போடுங்கள் என்றாள். அவன் இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு அப்படியே போட்டான். அந்த அளவுக்கு அவன் நல்லவன்தான்.

படப்பிடிப்பு அன்றைக்கு அவர் மனைவியும் வந்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்ததாகவும், இல்லாவிட்டால் இவர் வீட்டுக்கு வந்து என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்ல மாட்டார் என்றும் சொன்னார். அக்கா அவரைத் தன் பக்கத்தில், சின்னத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டாள். நாத்தனார்கூட அரை நாள் கடையை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனில் அடம்பிடித்தாள். இடமில்லை என்று சொல்லித் தடுக்கப் படாதபாடு பட வேண்டியிருந்தது.

டைரக்டர் தொடங்கச் சொன்னார். மேலே முதலில் காலடிச் சத்தம் வந்தது. பிறகு செருப்பு, பை, தாடி. அவர் இறங்கி வந்தார். அவசரமும் இல்லை, வேண்டுமென்று தாமதிக்கவும் இல்லை. வேலை முடித்தவன் எப்படி இறங்குவானோ அப்படி. கீழே வீட்டுக்காரம்மாவாக நடித்தவர் அனுபவசாலி. தன் வரியைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல், நிஜமாகவே ஏறிட்டுப் பார்த்தார்.

கடைசிப் படிக்கு முந்தின படியில் அவர் நின்றார். பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். ஏதோ சொல்ல வந்து தலையைக் குனிந்தார். அக்கா திரையை நோக்கிக் குனிந்தாள். கோபமாக ஏதாவது வந்தாலும் சரி, திட்டினாலும் சரி, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

“நானும் மேலேர்ந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம்மா” என்றார் அவர். “கொடுத்திருந்தா நீங்க ஓடி வந்திருப்பீங்க. அது எனக்குத் தெரியும். எனக்குத்தான் வாய் வரல.”

வீட்டுக்காரம்மா தாளில் எழுதாத ஒன்றைச் செய்தார். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை நீட்டி, அவர் தோளில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். அவர் கொடுத்தார்.

அக்காவின் பக்கத்தில் இருந்த அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. “அட மனுஷா” என்றார் மூச்சுக்குள். “இந்த ஒரு வார்த்தைக்கு வீட்ல நான் எவ்வளவு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இத்தனை பேர் முன்னாடி வந்து சொல்றாரு பாருங்க.” சொல்லிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண்ணீர் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

டைரக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார். “அக்கா, பிரமாதமா வந்திருக்கு. எதுக்கும் இன்னொரு தடவை எடுத்து வச்சுக்கலாமா?”

அக்கா பதில் சொல்வதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

“வேண்டாங்க. அவரு ஒரு தடவைதான் சொல்லுவாரு.”